கப்பல் பார்த்த மாப்பிள்ளை

தர்மபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சேலம், கிழக்கே திருவண்ணாமலை, மேற்கே கர்நாடகம். எந்தப் பக்கம் நடந்தாலும் முதலில் வருவது டீக்கடைதான். எங்கள் பக்கத்தில் ஏறி இறங்குகிற ஒரே அலை, பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு மூன்று மாதமாக நான் கப்பல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பெண் பார்த்ததுகூட இவ்வளவு நாள் இழுக்கவில்லை.

காரணம், என் மச்சினன். ஃப்ளோரிடாவில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தான்.

"மாமா, எல்லாரும் சேர்ந்து ஒரு குரூஸ் போலாம். மியாமிலதான் கப்பல் ஏறணும். கரீபியன் தீவெல்லாம் சுத்திட்டு வரலாம். நீங்க நாலு பேரு, நாங்க நாலு பேரு, அப்பா, அம்மா. செலவுல பாதி என்னுது. ரூட்டை மட்டும் நீங்க செலக்ட் பண்ணிடுங்க. நீங்கதான் பி.காம். ஆச்சே!"

பி.காமுக்கும் கப்பலுக்கும் ஒரே ஒரு சம்பந்தம் உண்டு ஸார். மரைன் இன்ஷூரன்ஸ் என்று ஒரு பாடம். அதிலும் கப்பல் மூழ்கினால் யாருக்கு எவ்வளவு நஷ்டஈடு என்று சொல்லிக்கொடுத்தார்களே தவிர, ஏறுவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனாலும் மறுக்க முடியவில்லை. என் மாமனாருக்கு 71 வயசு. மச்சினனின் சின்ன மகனுக்கு 3 வயசு. இவர் அவனை இதுவரை தூக்கியதில்லை. அவனைப் பொறுத்தவரை தாத்தா என்பவர் ஆறு அங்குல உயரத்தில் செல்போனுக்குள் குடியிருக்கும் ஒரு பெரியவர். போரடித்தால் சிவப்பு பட்டனை அமுக்கி அணைத்துவிடுகிறான். மாமனார் அதையும் "புத்திசாலிப் பய" என்று சொல்லிச் சிரிக்கிறார். சிரித்துவிட்டு, அணைந்த போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இது டூர் இல்லை. ஒரு தாத்தாவை செல்போனிலிருந்து வெளியே எடுக்கிற வேலை. தப்பான ரூட்டைப் பிடித்தால் பத்து பேரின் சேமிப்பும், அதைவிட அபூர்வமான எல்லாருடைய லீவும் ஒன்றாகக் கடலில் போகும்.

முதலில் கரீபியன். அங்கே மொத்தம் மூன்று பெரிய ரூட்டுகள். கிழக்கு ரூட்டில் போர்ட்டோ ரீக்கோவின் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். இந்தக் கடைசித் தீவில் கடற்கரையை ஒட்டியே ஏர்போர்ட். இறங்குகிற விமானம் குளிக்கிறவர்கள் தலைக்கு மேலேயே போகும். மேற்கு ரூட்டில் மெக்சிகோவின் கொசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா. தெற்கு ரூட்டில் அருபா, குரசாவ், பார்படோஸ். இது தவிர 3, 4 இரவில் முடிகிற பஹாமாஸ் ரூட் ஒன்று. மியாமியிலிருந்து நசாவுக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து சென்னைக்கு எவ்வளவோ அவ்வளவு. என்ன, வழியில் வாணியம்பாடி வராது.

மாமனாருக்குத் தெற்கின் மேல்தான் ஆசை. "அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க இருக்காங்களாமே மாப்ள?" என்றார். இருக்கிறார்கள். 1853ல் மார்ட்டினிக் தீவுக்கும் 1854ல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் நம் பக்கத்து ஜனங்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோய் இறக்கின. பாண்டிச்சேரி, காரைக்காலில் ஏறியவர்கள் ஆயிரக்கணக்கில். மாதக்கணக்கில் கடல். அவர்கள் கையில் யாரும் ரூட் மேப்பைக் கொடுத்து 'எது வேண்டும்?' என்று கேட்கவில்லை. இன்றும் அந்தத் தீவுகளில் மாரியம்மன் வழிபாடு இருக்கிறது. மசாலா போட்டு வைக்கிற கறிக்கு 'கொலம்போ' என்று பெயர். நம்ம 'குழம்பு'தான் அப்படி ஆனது என்று சொல்பவர்களும் உண்டு.

ஆசை நியாயமானதுதான். ஆனால் கப்பலில் ஏறப்போகும் நாலு குழந்தைகளின் வயசு 6, 5, 3, 2. கடைசி ஆள் என் பையன். இவர்களை வைத்துக்கொண்டு ரூட்டைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்கு. நோட்டை எடுத்துக் கோடு போட்டேன்.

ஏழு நாள் குரூஸ் என்றால் 168 மணி நேரம். வழியில் நாலு தீவு. கப்பல் காலை எட்டு மணிக்குக் கரை சேர்ந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். 'ஆஹா, நாலு தீவிலும் ஒன்பது மணி நேரம்!' என்று விளம்பரத்தைப் பார்த்து நாம் குதிக்கலாம். ஆனால் சின்னவன் எழுந்து, பால் குடித்து, அதில் பாதியைச் சட்டையில் ஊற்றி, சட்டை மாற்றி, செருப்பில் ஒன்றைத் தொலைத்துக் கிளம்பும்போது மணி பத்து. ஒரு மணிக்கு அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். தூங்கவிடாவிட்டால் தீவே அலறும். ஆக, ஒரு தீவுக்கு மூன்று மணி நேரம். நாலு தீவுக்குப் பன்னிரண்டு.

168ல் 12 போக மீதி 156 மணி நேரம் கப்பலில்தான்!

இந்த ஒரு கழித்தல் கணக்குக்குப் பிறகு எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, தீவின் அழகைப் பார்த்து ரூட் பிடிக்கிறவர் பன்னிரண்டு மணி நேரத்துக்காக நூற்றைம்பத்தாறு மணி நேரத்தை அடகு வைக்கிறார். இரண்டு வயசுப் பையனுக்கு கொசுமெல்லும் ஒன்றுதான், கொசுவலையும் ஒன்றுதான். அவனுக்குக் கப்பலே ஊர். லிஃப்ட் ஒரு ஊர். ஐஸ்க்ரீம் மெஷின் தலைநகரம்.

ஆகவே தீவுகளின் போட்டோவை ஓரமாக வைத்துவிட்டு, வேறு கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன்.

கைக்குழந்தையை எந்த வயசிலிருந்து ஏற்றுவார்கள்? பெரும்பாலான கம்பெனிகளில் ஆறு மாதம். பல நாள் தொடர்ந்து கரையே காணாத நீண்ட பயணம் என்றால் ஒரு வயசு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிளப் உண்டா? உண்டு. ஆனால் பெரிய கப்பல்களில் அது பெரும்பாலும் மூன்று வயசுக்கு மேல்தான், அதுவும் டயப்பர் போடாத பிள்ளைகளுக்கு. டயப்பர் போட்ட ஆளை அமெரிக்கக் கப்பல்களின் பெரிய நீச்சல் குளத்திலும் இறக்க விடமாட்டார்கள். தனியாகத் தண்ணீர் பீய்ச்சும் இடம் இருந்தால்தான் உண்டு. அதாவது விளம்பரத்தில் இருக்கிற சொர்க்கத்தில் பாதிக்கு என் பையனுக்கு நுழைவுச் சீட்டு இல்லை.

கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, நடுக்கடலில் நிற்குமா? இதை யாரும் கேட்பதில்லை. கிராண்ட் கேமன் மாதிரி இடங்களில் பெரிய கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைச் சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் தள்ளுவண்டி, தோளில் பை, கூடவே மூட்டுவலிக்கார மாமியார். இதற்குத் தனியாக சர்க்கஸ் பயிற்சி வேண்டும்.

குமட்டல் வருமா? இரண்டு வயசுக்குக் கீழே அதிகம் வராது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் ஆட்டம் ஒத்துக்கொள்ளாத பருவம். உங்கள் பிள்ளை எப்படி என்று தெரிய வேண்டுமா? வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை கூட்டிப்போங்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் ரிசல்ட் தெரிந்துவிடும். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் குறைவாக இருப்பது அங்கேதான். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நாம் பஸ்ஸில் போட்டுக்கொள்கிற மாத்திரைகளில் இருக்கும் புரோமெதசின் வகை மருந்து இரண்டு வயசுக்குக் கீழே கூடவே கூடாது.

எந்த மாதம்? கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் வரை உச்சம். மச்சினன் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு விடுவது ஜூன், ஜூலையில். தெற்கே அருபா, குரசாவ் பக்கம் புயல் வருவது அபூர்வம்தான். ஆனால் அவ்வளவு தூரம் போய் வரப் பயண நாள் கூடும்.

பிறகு செலவுப் பக்கம். அமெரிக்க விசாவுக்கு ஆளுக்கு 185 டாலர் கட்டணம். எங்கள் வீட்டு நாலு பேருக்கு மட்டும் 740 டாலர், அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. கப்பலில் டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை பில்லில் ஏறும். சில கம்பெனிகளில் கைக்குழந்தைக்கும் சேர்த்து. என் பையன் யாருக்கும் டிப்ஸ் கொடுக்கிற ஆள் இல்லை, அடுத்தவன் தட்டிலிருந்து எடுக்கிற ஆள். இதற்கெல்லாம் முன்னால், பெங்களூர் போய் விமானம் ஏறி, வழியில் மாறி, மியாமி போய்ச் சேர ஒன்றரை நாள். அங்கே கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால். நடுராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைகள் எழுந்து 'இட்லி' என்பார்கள்.

இந்த நிலையில்தான் வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று குடும்பத்தோடு ஒகேனக்கல் போனோம். எங்கள் மாவட்டத்துக்குக் கப்பல் என்றால் பரிசல்தான். மீன் வறுவல் வாசனையையும் எண்ணெய் மசாஜ் அழைப்புகளையும் தாண்டித் துறைக்குப் போனால், பரிசல்காரர் என் பையனை மேலும் கீழும் பார்த்தார். கையில் இருந்த லைஃப் ஜாக்கெட்டை அவன் மேல் வைத்துப் பார்த்தார்.

"சின்னவருக்கு இது பெருசுங்க. தண்ணியில விழுந்தா ஜாக்கெட் மேல நிக்கும், புள்ளை கீழ போயிடும். அவரை அம்மாகிட்ட விட்டுட்டு நீங்களும் பாப்பாவும் மட்டும் வாங்க."

சவாரி போகிறதே என்ற கவலை அவர் முகத்தில் கொஞ்சமும் இல்லை. 2015ல் இதே ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்த ஒரே குடும்பத்தில் ஆறு பேர் இறந்தார்கள். 2009ல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர். தண்ணீரைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி ஆவதில்லை.

அன்றைக்கு நோட்டில் முதல் வரியாக ஒரு கேள்வியை எழுதினேன்: 'அவன் சைஸுக்கு ஜாக்கெட் இருக்கிறதா?' பரிசலாக இருந்தாலும் பதினோரு மாடிக் கப்பலாக இருந்தாலும் இதுதான் முதல் கேள்வி. பெரிய கப்பல்களில் குழந்தைகளுக்கான ஜாக்கெட் இருக்கும். ஏறியவுடன் கேட்டு வாங்கி, போட்டுப் பார்த்துவிட வேண்டும். 2012ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சியைக் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனேயோ நடத்துவது கட்டாயமானது. பல கப்பல்களில் பிள்ளைகளின் கையில் அந்த இடத்தின் எண் போட்ட பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். பயிற்சி நேரத்தில் பஃபே பக்கம் நழுவுகிற அப்பாக்களுக்கும் ஒரு பட்டை கட்டலாம்.

ஒகேனக்கல்லிலிருந்து திரும்பிய ராத்திரி எதையோ தேடப்போய் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. 1990ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்று ஒரு கப்பல் கட்டினார்கள். எதற்கு? மியாமியிலிருந்து பஹாமாஸுக்குச் சின்னச் சின்ன டிரிப் அடிக்க. கிட்டத்தட்ட 210 மீட்டர் நீளம். பெயர் மாறி, கை மாறி, 2017ல் கியூபாவின் ஹவானா வரைக்கும் போய் வந்த கப்பல். கொரோனா காலத்தில் அதை விற்றார்கள். வாங்கியது இந்தியாவின் கார்டிலியா கம்பெனி. 2021ல் மும்பையில் ஓட ஆரம்பித்து, 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கிளம்பியது!

யோசித்துப் பாருங்கள். நாம் கரீபியனுக்குப் போக விசாவுக்கு முட்டி மோதிக்கொண்டிருக்கிறோம். கரீபியன் கப்பல் தானாகவே நம்ம ராயபுரம் பக்கம் வந்து நின்றிருக்கிறது.

சென்னையில் அது ஓடியபோது கொடுத்த ரூட்டுகளையும் அதே நோட்டில் அதே கோட்டில் போட்டேன். ஐந்து இரவு டிரிப்பில் விசாகப்பட்டினம், புதுச்சேரி. 2022ல் கேசினோவுக்குக் கிளம்பிய எதிர்ப்பில் புதுச்சேரியில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. இதில் அப்பாக்களுக்கு ஒரு பாடம்: எந்த ஊரையும் பிள்ளைகளிடம் சத்தியம் செய்து சொல்லாதீர்கள். வானிலை, அனுமதி என்று எதற்காகவும் ஊரை மாற்றக் கம்பெனிக்கு உரிமை உண்டு, உலகம் முழுக்க இதுதான் வழக்கம். 2023 ஜூனில் இலங்கை ரூட் வந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. மாமனாருக்கு நல்லூர் முருகனைப் பார்க்க ஆசை. ஆனால் காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 20 கிலோமீட்டர். போய், கும்பிட்டு, திரும்பி... அந்த ஒரு மணித் தூக்கம் போச்சு!

மூன்றாவதாக ஒன்று. இரண்டே இரவு. சாயங்காலம் சென்னையில் கிளம்பும். மறுநாள் முழுக்கக் கடல். அதற்கு மறுநாள் காலையில் சென்னை. எந்த ஊரிலும் நிற்காது. விளம்பரத்தில் ரூட் மேப் என்று ஒரு வட்டம் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். சாதாரணமாக யாரும் மதிக்காத ரூட்.

அதன் பக்கத்தில்தான் நான் டிக் அடித்தேன்.

ஏனென்றால் அதில் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓட எதுவும் இல்லை. 'எட்டு மணிக்குள் கிளம்பு', 'பஸ் போயிடும்' கிடையாது. தள்ளுவண்டியோடு படகில் தாவ வேண்டாம். அமெரிக்க விசா வேண்டாம். ஜூன், ஜூலையில் மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரை அவ்வளவு மோசமில்லை. மச்சினன் பிள்ளைகளின் லீவுக்கும் சரி. வீட்டிலிருந்து மொரப்பூர் போய் ரயில் பிடித்தால் சென்னை. மாமியாரின் முட்டி தாங்கும். முதல் தடவை கடல் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மூன்றாம் நாள் தரையில் நிற்கலாம். ஒத்துக்கொண்டால் இருக்கவே இருக்கிறது கரீபியன். பிள்ளைகளுக்கு எட்டு, பத்து வயசு ஆகட்டும். அப்போது தீவு தீவாக இறங்கி ஓடுவார்கள், பின்னால் நாம் மூச்சு வாங்கலாம்.

எல்லாவற்றையும்விட, அந்த முழுக் கடல் நாள். செல்போனில் சிக்னல் சுலபமாகக் கிடைக்காத ஒரு நாள். எங்கேயும் போக முடியாது. மூன்று வயசுப் பேரனும் 71 வயசுத் தாத்தாவும் ஒரே தளத்தில், ஒரே மேஜையில். அவனுக்குப் போரடித்தால் என்ன செய்வான்? தாத்தா மடியில் ஏறுவதைத் தவிர வேறு வழி?

மச்சினனிடம் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை.

"மாமா, இது எந்த ஊருக்குமே போகலையே!"

"போகாது மாப்ள. அதுக்குத்தான் புடிச்சேன்."

என் மனைவி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, துறைமுகமே இல்லாத ரூட்டைக் கண்டுபிடிக்கவா மூணு மாசம்?" என்றாள். பதில் சொல்வதற்குள் சின்னவன் அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டுவிட்டான். நல்லவேளை, மனப்பாடம்.

அடுத்த சீசன் அட்டவணை வந்ததும் டிக்கெட் போடுவதாகத் தீர்மானம். மாமனார் இப்போதே தினம் சாயங்காலம் பேரனுக்குச் சொல்லக் கதைகள் சேகரிக்கிறார். மொத்தம் பதினாலு ஆகியிருக்கிறது. இரண்டு இரவுக்குத் தாராளம்.

ஆபீஸ் போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ரூட்டுக்கு வாரக் கடைசியோடு ஒட்டி ஒரு நாள் லீவ் போட்டால் போதும். மேனேஜர் 'எந்த ஊருக்குப் போறே?' என்று கேட்பார். 'எந்த ஊருக்கும் இல்லை ஸார், பிள்ளைகளோட இருக்கப் போறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அவரும் வீட்டில் பிள்ளை வைத்திருப்பவராக இருந்தால், சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கப்பல் பெயரைக் கேட்பார்.